பள்ளிப் பையில் 'வேப்' கிடந்தால்… பெற்றோருக்கு 10 குறிப்புகள்

துவைக்கப் போடலாமென்று பையனின் பள்ளிப் பையை உதறுகிறீர்கள். பென் டிரைவ் மாதிரி ஒன்று விழுகிறது. முகர்ந்தால் மாம்பழ வாசனை. சட்டையில் ஒட்டிய சிகரெட் வாடையை வாசற்படியிலேயே கண்டுபிடிக்கும் அம்மாக்கள் கூட இதில் ஏமாந்துபோகிறார்கள். மூக்கு கைவிட்ட இடத்தில் பேச்சுதான் துணை. சின்ன காஞ்சிபுரம் பெற்றோருக்குச் சில குறிப்புகள்:

1. முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் 'வேப்', 'பாட்' என்று சொல்வது இ-சிகரெட்டைத்தான். உள்ளே ஒரு பேட்டரி, கம்பிச் சுருள், கொஞ்சம் திரவம். சுருள் சூடானதும் திரவம் ஆவியாகும்; அதை இழுக்கிறார்கள். இலை எதுவும் எரியாததால் புகை நாற்றம் இருக்காது.

2. "வெறும் தண்ணி ஆவிதாம்மா" என்பார்கள். இல்லை. பெரும்பாலானவற்றில் நிக்கோடின் உண்டு. 5 சதவீத நிக்கோடின் உள்ள ஒரே ஒரு பாட், 20 சிகரெட் உள்ள ஒரு பாக்கெட்டுக்குச் சமமாகலாம். மூளை வளர்ச்சி 25 வயது வரை நடக்கிறது. அதனால் பெரியவர்களைவிடப் பிள்ளைகளைப் பழக்கம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

3. பயமுறுத்துவதற்காக மிகைப்படுத்தாதீர்கள். "ஒரு இழுப்புல செத்துடுவே" என்றால் சிரித்துவிட்டுப் போவான். உண்மையே போதும். அமெரிக்காவில் 2019-20இல் வேப்பால் நுரையீரல் கெட்டு 2,800-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இழுத்தது கஞ்சாச் சத்து கலந்த திரவம். கள்ளத்தனமாக வரும் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. இதைச் சொல்லுங்கள்.

4. சட்டத்தையும் சொல்லுங்கள். தமிழ்நாடு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்துவிட்டது. 2019 ஆகஸ்ட்டில் அத்தி வரதர் தரிசனம் முடிந்து மறுபடி அனந்தசரஸ் குளத்துக்குள் போனது நினைவிருக்கும். அடுத்த மாதமே நாடு முழுக்கத் தடை வந்தது. விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது, சேமித்து வைப்பது எல்லாமே குற்றம். முதல் முறை விற்றுப் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் 'கிஃப்ட்' என்று கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள்.

5. எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். கோர்வை போடும் பட்டுத் தறியில் இருவர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கண் பாவின் மேல் இருக்கும், கை நாடாவைத் தள்ளும், வாய் ஊர்க்கதை பேசும். அப்படித்தான் வளர்ந்த பிள்ளையும் பேசுவான். வண்டியில் போகும்போது, காய்கறி நறுக்கும்போது, வரதராஜப் பெருமாள் கோயில் பிராகாரம் சுற்றும்போது ஆரம்பியுங்கள். தாத்தா பாட்டி எதிரில் வேண்டாம்.

6. அடுத்தவரைப் பற்றிக் கேட்டுத் தொடங்குங்கள். "டேய், வேப்புன்னு ஒண்ணு பேப்பர்ல போட்டிருந்தான். உங்க கிளாஸ்ல அதெல்லாம் இருக்காடா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை அறிவுரை கூடாது. பெண் பிள்ளைகளிடமும் இதே பேச்சைப் பேசுங்கள்.

7. ஒத்துக்கொண்டால் கையை ஓங்காதீர்கள். "உன் சித்தப்பா பையனைப் பாரு" என்று ஒப்பிடாதீர்கள், சொந்தக்காரர்களுக்குப் போன் போடாதீர்கள். பாவில் இழை அறுந்தால் தறியையா உடைக்கிறோம்? இரண்டு முனையையும் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட பிறகுதான் அடுத்த ஊடை. "சொன்னியே, அதுவே போதும். மேல என்ன செய்யலாம்னு பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள்.

8. மறுக்கக் கற்றுக்கொடுங்கள். நண்பன் நீட்டும்போது பிரசங்கம் செய்ய முடியாது. ஒரு வரி கைவசம் இருந்தால் போதும். "வேணாம்டா, எனக்குப் பிடிக்கல." பழியை உங்கள் மேல் போடவும் அனுமதியுங்கள்: "எங்கப்பா மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாரு."

9. வீட்டையும் பாருங்கள். அப்பா பீடி பிடித்துக்கொண்டு, பாட்டி புகையிலை அடக்கிக்கொண்டு சொல்லும் புத்தி ஏறாது. விட முடியவில்லையா? "நானும் உன் வயசுலதான் பிடிச்சேன், இன்னும் விட முடியல" என்று மறைக்காமல் சொல்லுங்கள். புகையிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் காஞ்சிபுரத்துக்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை. காரப்பேட்டையில் அண்ணா பெயரில் புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது.

10. கிடைத்த கருவியைச் சின்னக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அந்தத் திரவத்தை விழுங்கினால் விஷம். லித்தியம் பேட்டரி வெடிக்கும் என்பதால் அடுப்பிலோ குப்பையோடோ எரிக்காதீர்கள். பழக்கத்தை விடும்போது முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி, எரிச்சல், கவனச் சிதறல் இருக்கும். சில வாரங்களில் தணியும். அந்த நாட்களில் மார்க்கைப் பற்றிப் பேச வேண்டாம். கடலை மிட்டாய், நிறையத் தண்ணீர், சாயங்காலம் விளையாட்டு உதவும். நிக்கோடின் பேட்ச், சூயிங்கம் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கான தேசிய உதவி எண்: 1800-11-2356. மனநல ஆலோசனைக்கு 24 மணி நேரமும் டெலி மானஸ்: 14416. இரண்டுமே இலவசம். காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். உங்களிடம் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை, இந்த எண்களிலாவது பேசட்டும்.