ஆலை ஸ்விட்சுக்கு ஆளுக்கொரு கணக்கு

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உதிரிபாக ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் நெட்வொர்க் ஸ்விட்சுகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். கான்ட்ராக்டர், வேலையை விட்டுப் போனவர்கள், இரவு ஷிஃப்ட்காரர்கள் என எல்லோருக்கும் அது தெரியும். உற்பத்தி நிற்காமல் இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: பாஸ்வேர்டை மாற்றினால், புதியதும் சீக்கிரமே எல்லோர் காதுக்கும் போய்விடும். ஸ்விட்சைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் தன் பெயரில் தனிக் கணக்கு கொடுங்கள். நள்ளிரவில் ஒரு போர்ட்டை அணைத்தது யார் என்று அப்போதுதான் தெரியும். ஒருவர் விலகினால் அவர் கணக்கை மட்டும் நீக்கினால் போதும்.

இரண்டு மூன்று ஸ்விட்சுகள் என்றால் கணக்குகளை அவற்றிலேயே வைக்கலாம். அதற்கு மேல் இருந்தால் எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் ஒன்று வேண்டும், ஃப்ரீரேடியஸ் என்ற மென்பொருள் இலவசம். உங்கள் ஸ்விட்ச் டாகாக்ஸ் பிளஸ் முறையை ஏற்றால் இன்னும் நல்லது. இரவு ஷிஃப்ட்காரர் நிலவரத்தைப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது என்று கட்டளைவாரியாகவே வரம்பு வைக்கலாம்.

பலரும் சிக்கிக்கொள்வது வேலையின் வரிசையில்தான். முதலில் இப்போதைய கான்ஃபிகரேஷனை நகலெடுங்கள். ஸ்விட்சிலேயே ஓர் அவசரக் கணக்கை உருவாக்குங்கள். அதற்குப் பிறகே, 'முதலில் சர்வரைக் கேள், அது பதில் தராவிட்டால் உள்கணக்கைப் பார்' என்று அமையுங்கள். இதை விட்டுவிட்டால், மின்தடையில் சர்வர் படுத்த நேரத்தில் நீங்களே உள்ளே போக முடியாது. திறந்திருக்கும் லாகினை மூடாமல், இன்னொரு விண்டோவில் புதிய கணக்கால் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்த பிறகே சேமியுங்கள். தவறினால் ஸ்விட்சை ரீஸ்டார்ட் செய்தால், அது பழைய நிலைக்குத் திரும்பும். அந்தச் சில நிமிடங்கள் லைன் நிற்கும் என்பதால் விடுமுறை நாளில் செய்யுங்கள்.

டெல்நெட்டில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமலேயே கேபிளில் போகிறது. அதை அணைத்து எஸ்.எஸ்.எச். மட்டும் வையுங்கள். ஸ்விட்ச் இருக்கும் பெட்டிக்குப் பூட்டும் அவசியம்; கன்சோல் கேபிளோடு அருகில் வருபவரால் பல மாடல்களில் பாஸ்வேர்டையே கடந்துவிட முடியும்.

லேப்டாப் செருகப்படும் போர்ட்டுகளுக்கு, அடையாளத்தைச் சரிபார்த்த பிறகே இணைப்புத் தரும் 802.1எக்ஸ் போடுங்கள். பி.எல்.சி., பார்கோடு பிரின்டர் போன்றவை பெரும்பாலும் அதற்கு ஒத்துவராது. அவற்றை மேக் முகவரியால் அனுமதிக்கலாம். ஆனால் மேக் முகவரியைப் போலியாக்குவது எளிது. ஆகவே அந்தக் கருவிகளைத் தனி விலானில் பிரித்துவிடுங்கள். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தது. கட்டுப்பாட்டு அமைப்புகள் தனி நெட்வொர்க்கில் இருந்ததால் பாதிப்பில்லை என்று அணுமின் கழகம் அறிவித்தது.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 உத்தரவுப்படி ஸ்விட்ச் உள்ளிட்ட கணினி அமைப்புகளின் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும்; தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான கூடுதல் அவகாசம் அதே ஆண்டு செப்டம்பரில் முடிந்துவிட்டது. எல்லா ஸ்விட்சுகளின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பதிவுகளால் பயனில்லை.

பழைய கான்ட்ராக்டர் வெளியிலிருந்து நுழைய வழி ஏதும் திறந்திருந்தால், மற்ற வேலைகளைத் தொடுமுன் இன்றே அதை மூடுங்கள்.