ஏற்றத்துக்கு ஒரு துணை: வாப்பாவின் சைக்கிளும் ஒரு மின்மோட்டாரும்

வாப்பாவிடம் ஒரு பழைய இங்கிலாந்துச் சைக்கிள் இருக்கிறது. மூத்தாப்பா காலத்தில் வாங்கியது. கறுப்பு நிறம், 28 அங்குலச் சில்லு, கம்பியால் இழுபடும் பிரேக், பிடவைப் பொதி கட்டுவதற்கென்றே அகலமாகச் செய்வித்த கரியர். மாவனல்லையைச் சுற்றியுள்ள மேட்டுக் கிராமங்களுக்கு வாப்பா இதில்தான் பிடவை கொண்டுபோய்த் தவணைக்கு விற்கிறார். 2022இல் பெற்றோலுக்காக ஊரே இரவு பகலாக வரிசையில் நின்றபோது எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்தது இந்தச் சைக்கிள்தான். ஆனால் அந்த வருடத்தோடு வாப்பாவின் முழங்கால் போய்விட்டது. இனி ஏற்றத்தில் மிதிக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ஏற்றம் இல்லாத வீதி எது?

விற்றுவிட்டு வீட்டோடு ஒரு சிறிய கடை போடுவோம் என்றார் உம்மா. 1000 வாற்று மோட்டார் ஒன்றைப் பூட்டிவிட்டால் பறக்கலாம் என்றார் நானா. வாப்பா ஒன்றும் சொல்லாமல் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவள் நான் என்பதால், கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று கொப்பியை எடுத்தேன். அந்தக் கணக்கையும், பிறகு நாங்கள் விட்ட பிழைகளையும் வாசகத் தோழியருக்காக இங்கே எழுதுகிறேன். மோட்டார் பூட்டிய சைக்கிள் புதிய கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். பின்சில்லின் நடுவில் மோட்டார் வைத்த சைக்கிளுக்கு அமெரிக்காவில் ஒக்டன் போல்டன் என்பவர் 1895இலேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். மிதிக்கும்போது மட்டும் துணை செய்யும் முறையை ஜப்பானின் யமஹா நிறுவனம் 1993இல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

முதலில் வீதியின் சாய்வு தெரிய வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. 1 மீற்றர் நீளமான நேர்ப்பலகை ஒன்றையும் மேசன் வேலைக்குப் பாவிக்கும் நீர்மட்டத்தையும் எடுத்துக்கொண்டு நானும் வாப்பாவும் போனோம். பலகையின் மேல்முனை வீதியில் தொட, கீழ்முனையை உயர்த்திக்கொண்டு வந்து நீர்மட்டம் சரியாகும்போது, அந்த முனைக்கும் வீதிக்கும் இடைவெளி எத்தனை சென்ரிமீற்றரோ அத்தனை சதவீதம் சாய்வு. எங்கள் வீதியில் பெரும்பாலான இடங்களில் 8 வந்தது. கடைசி வளைவில் 14. பார்த்துக்கொண்டு நின்ற சிறுவர்கள் வீதி அகலமாக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

இனிக் கணக்கு. வாப்பா 62 கிலோ, சைக்கிள் 20, பொதி 18. மொத்தம் 100 கிலோகிராம். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் நிறை 1000 நியூற்றன். 8 சதவீதச் சாய்வில் இதில் ஏறத்தாழ 80 நியூற்றன் பின்னோக்கி இழுக்கும். டயர் உருளும்போது ஏற்படும் தடை சுமார் 10 நியூற்றன். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் காற்றின் தடை 3 நியூற்றன்தான். கூட்டினால் 93. அந்த வேகம் செக்கனுக்கு 2.78 மீற்றர். விசையை வேகத்தால் பெருக்கினால் வலு: ஏறத்தாழ 258 வாற்று.

சாதாரண மனிதர் ஒருவர் களைக்காமல் நெடுநேரம் தரக்கூடிய வலு 100 வாற்று அளவில்தான் இருக்கும். சமதரையில் அது தாராளம். அந்த 100 வாற்றில் மணிக்கு 18 கிலோமீற்றருக்கு மேல் போகலாம். அதே 100 வாற்றை இந்த ஏற்றத்தில் போட்டால் வேகம் மணிக்கு 4 கிலோமீற்றர். அது நடக்கும் வேகம். ஏற்றத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளுவது சோம்பலால் அல்ல என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்த வேகத்தில் சைக்கிள் சரியாமல் நிற்பதே கஷ்டம்.

ஆகவே தேவையானது என்ன? 258இல் வாப்பா முழங்கால் நோகாமல் 80 அல்லது 100 தந்தால், மிச்சம் 160, 180 வாற்றை மோட்டார் தர வேண்டும். மோட்டார், பற்றரி, கம்பிகள் எல்லாமாக 7 கிலோ கூடும். அந்த 7 கிலோவை ஏற்றவே இன்னும் 18 வாற்று போகும். அப்படிப் பார்த்தாலும் 200க்குள்தான். ஐரோப்பிய நாடுகளில் சைக்கிள் என்ற பெயரிலேயே ஓடுவதற்கு அனுமதிக்கப்படும் மோட்டாரின் தொடர்ச்சியான வலு 250 வாற்று. மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் அது துணை செய்யக்கூடாது. அந்த 250 வாற்று எங்களுக்கும் போதும். நானாவின் 1000 வாற்று, 60 வருடப் பழைய போர்க்கையும் பிரேக்கையும் உடைப்பதற்குத்தான் உதவும்.

மோட்டாரை எங்கே பூட்டுவது என்பதில்தான் நிறைய நாள் போனது. இரண்டு வகை உண்டு. ஒன்று சில்லின் நடுவில் இருப்பது. மற்றது பெடல் அச்சில் பூட்டிச் செயினை இழுப்பது. மலைக்குப் பெடல் மோட்டாரே சிறந்தது என்று எங்கும் சொல்வார்கள். அதன் காரணத்தைக் கவனிக்க வேண்டும்: அது சைக்கிளின் கியர்களைப் பாவிக்கிறது. ஏற்றத்தில் சிறிய கியருக்கு மாற்றினால் மோட்டார் வேகமாகச் சுழன்றபடியே சில்லை மெதுவாகத் திருப்பும். வாப்பாவின் சைக்கிளுக்கு ஒரே கியர். அதனால் அந்த நன்மை பெருமளவுக்கு இல்லாமல் போகிறது. அதோடு பழைய வண்டிகளின் பெடல் அச்சுக்கூட்டின் அகலமும் ஒரே அளவல்ல. புதிய மோட்டார்கள் எல்லாவற்றிலும் ஏறா. மூன்று கியர் கொண்ட பின் ஹப் உள்ள பழைய சைக்கிள் யாரிடமாவது இருந்தால் அவர்கள் பெடல் மோட்டாரை யோசிக்கலாம்.

நாங்கள் தெரிவு செய்தது முன்சில்லு மோட்டார், அதிலும் உள்ளே பற்சில்லுகள் உள்ள வகை. இதில் சிறிய மோட்டார் வேகமாகச் சுழல, பற்சில்லுகள் அந்தச் சுழற்சியைக் குறைத்து முறுக்கத்தைக் கூட்டித் தருகின்றன. இங்கே ஒரு விடயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மலைநாட்டில் மோட்டார்கள் எரிவது இதனால்தான். மோட்டார் தரும் முறுக்கம் அதில் பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. சுருளில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: ஓட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. ஏற்றத்தில் மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் தேவையான முறுக்கம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே செக்கனுக்குப் பிறக்கும் வெப்பமும் ஒன்றே. ஆனால் மெதுவாகப் போனால் ஏறி முடிய அதிக நேரம் எடுக்கும், வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். பெடலை விட்டுவிட்டு மோட்டாரின் தலையில் எல்லாவற்றையும் போடுபவர்கள் உச்சிக்குப் போனதும் ஹப்பைத் தொட்டுப் பார்த்தால் கையைச் சுடும். சேர்ந்து மிதிப்பவர்களின் மோட்டார்தான் நீண்ட நாள் உழைக்கும்.

மிதிப்பதையும் இலேசாக்க வேண்டுமே. பழைய சைக்கிளில் முன்பற்சில்லுக்கு 44 பல், பின்னுக்கு 18. ஒரு முறை பெடலைச் சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீற்றர் ஓடும். மணிக்கு 10 கிலோமீற்றரில் நிமிடத்துக்கு 31 சுற்றுத்தான் வரும். முழங்காலைக் கெடுப்பது இந்த மந்தமான அழுத்தமான மிதிதான். பின்பற்சில்லை 22 பல்லுக்கு மாற்றினோம். அதே வேகத்தில் இப்போது 38 சுற்று, மிதியின் பாரமும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைந்தது. முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவு இதற்குத்தான் போனது. மோட்டாருக்கு வசதியில்லாதவர்கள் இதையாவது செய்யலாம்.

பற்றரிக்கு 36 வோல்ற்று, 10 அம்பியர் மணி. பெருக்கினால் 360 வாற்று மணி. உள்ளே 3.6 வோல்ற்று இலிதியக் கலங்கள் பத்தைத் தொடராக இணைத்திருப்பார்கள். 100 கிலோவை 100 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற 100,000 யூல், அதாவது ஏறத்தாழ 28 வாற்று மணி வேண்டும். வாப்பாவின் ஒரு நாள் சுற்றில் ஏற்றங்கள் எல்லாம் சேர்ந்து 300 மீற்றர் இருக்கும். உருளும் தடையையும் சேர்த்து, பாதியை வாப்பா மிதித்து, மோட்டார் நான்கில் மூன்று பங்குதான் பயனாக்குகிறது என்று கொண்டால், நாளுக்கு 80 வாற்று மணி சொச்சம். மூன்று நாளைக்குப் பயமில்லாமல் ஓடும். முழுதாக மின்னேற்ற அரை அலகு மின்சாரம்கூடப் போகாது.

என் வகுப்புத் தோழி ஒருத்தி, அப்படியானால் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கே போகலாமா என்று கேட்டாள். கண்டி 500 மீற்றர் அளவில், நுவரெலியா 1868 மீற்றர். தூரம் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். பாதியை அவளே மிதித்தாலும் 390 வாற்று மணி வேண்டும். இடையில் இறங்கி ஏறும் மேடுகள் வேறு. றம்பொடையில் தேநீர் குடிக்கும் நேரத்துக்கு எங்காவது மின்னேற்றினால்தான் உண்டு என்று சொன்னேன்.

பற்றரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய மடிக்கணினிக் கலங்களைச் சேர்த்து மலிவாகக் கட்டித் தருகிறோம் என்று சிலர் வந்தார்கள். வேண்டாம் என்றோம். கலங்கள் ஒரே வலிமையில் இல்லாவிட்டால் பலவீனமானது முதலில் கெடும்; இலிதியக் கலம் பற்றினால் அந்தத் தீ இலேசில் அணையாது. கலங்களைச் சமப்படுத்திக் காக்கும் மின்சுற்றுப் பலகை உள்ள பற்றரியையே வாங்கினோம். எல்லோரும் தூங்கும் நேரத்தில் மின்னேற்றுவதில்லை. ஏற்றுவது சீமெந்துத் தரையில், வாசல் வழியை மறிக்காத இடத்தில்.

இனி எங்கள் பிழை. பூட்டித் தந்த இடத்தில் முறுக்கத் தாங்கி போடவில்லை. எங்களுக்கும் அது தெரியாது. சில்லு ஒரு பக்கம் சுழல, மோட்டாரின் அச்சு மறுபக்கம் சுழலப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது அச்சின் தட்டையான இரு பக்கங்களும் போர்க்கின் பிளவும் மட்டுமே. முறுக்கம் 40 நியூற்றன் மீற்றர் என்றால், 1 சென்ரிமீற்றர் அகலமான அந்த இடத்தில் 4000 நியூற்றன், அதாவது 400 கிலோ பாரத்தின் விசை. அச்சு நுழையப் பிளவை அரத்தால் ராவி வேறு இருந்தார்கள். மூன்றாம் நாள் ஏற்றத்தில் படார் என்று ஒரு சத்தம். அச்சு சுழன்று, கம்பிகளை முறுக்கி அறுத்துவிட்டது. மெதுவாகப் போனதால் வாப்பா காலை ஊன்றிக்கொண்டார். அது இறக்கத்தில் நடந்து சில்லு கழன்றிருந்தால் என்று உம்மா இரண்டு நாள் அழுதார். பிறகு போர்க்கை மாற்றி, 10 சென்ரிமீற்றர் நீளமான உருக்குத் தகடு ஒன்றை அச்சில் மாட்டி மறுமுனையைப் போர்க்கோடு இறுக்கினோம். நெம்புகோல் பாடம்தான்: 10 சென்ரிமீற்றரில் அதே முறுக்கத்தைத் தாங்க 400 நியூற்றன் போதும்.

இரண்டாவது விடயம் பிரேக். ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள், இறங்குவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. 100 மீற்றர் இறங்கும்போது அதே 100,000 யூலில் பெரும்பகுதியைப் பிரேக் கட்டைகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். நாங்கள் வாங்கிய வகை மோட்டார் இறக்கத்தில் சும்மா சுழலுமே தவிர வண்டியைப் பிடிக்காது. பழைய கம்பி பிரேக்கோ குரோமியம் பூசிய உருக்கு ரிம்மில் மழை நாளில் வழுக்கும். எங்கள் ஊரில் எந்த நாள் மழை நாள் இல்லை? நல்லவேளையாக, பழைய முன்ரிம்மில் 32 ஓட்டை, மோட்டார் ஹப்பில் 36, பொருந்தாது. எப்படியும் புதிய ரிம் தேவைப்பட்டதால் அலுமினிய ரிம்மும் இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பிரேக்கும் போட்டோம். அதன் பிடியை இழுத்தவுடன் மோட்டாருக்கான மின்சாரம் நின்றுவிடும். பின்சில்லுக்கு இன்னும் பழைய கம்பி பிரேக்தான். ரப்பர் கட்டைகள் மட்டும் புதியவை. அடுத்த தவணைப் பணம் சேர்ந்ததும் அதையும் மாற்றுவதாக வாப்பா சொல்லியிருக்கிறார். எத்தனை தடவை ஞாபகப்படுத்தினேன் என்பதைக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து வருகிறேன்.

இப்போது எட்டு மாதமாகிறது. வாப்பா கிழமைக்கு நான்கு நாள் போகிறார். 14 சதவீத வளைவில் மட்டும் இன்னமும் இறங்கித் தள்ளுகிறார். மோட்டாரால் முடியாதா என்று கேட்டேன். முடியுமாம். ஆனால் அந்த வளைவில் உள்ள வீட்டார் இருபது வருட வாடிக்கைக்காரர்களாம். இறங்காமல் போனால், பணம் வசூலிக்கும் நாளில் மட்டும் நிற்கிறார் என்று நினைப்பார்களாம்.