விலை தெரியாத பொருளுக்கு விலை 0 அல்ல

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட்டில் ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது எல்ம் மொழிக்கு வந்திருக்கிறேன். கடைக்கு பில் போடும் பக்கம் ஒன்று எழுதுகிறேன். விலைப்பட்டியலில் எதைத் தேடினாலும் நேராக எண் வருவதில்லை; 'மேபி ஃப்ளோட்' என்று ஒரு பொட்டலம்தான் வருகிறது. கம்பைலர் விடுவதாக இல்லை. அதனால் பார்த்த இடத்திலெல்லாம் 'மேபி.வித்டிஃபால்ட் 0' போட்டுப் பிரித்துவிடுகிறேன். வேலை நடக்கிறது. இது சரியா?

பதில்: நடக்கிறது, ஆனால் சரியில்லை. பட்டியலில் இல்லாத ஒரு பொருளின் குறியீட்டைத் தட்டிப் பாருங்கள். 0 ரூபாய்க்கு பில் விழும். கம்பைலர் வாய் திறக்காது, திரையிலும் பிழை வராது. கடைக்காரர் ராத்திரி கல்லாவை எண்ணும்போதுதான் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இதே தேடல் 'அன்டிஃபைன்ட்' கொடுத்திருக்கும்; அதை அளவால் பெருக்கினால் பில்லில் 'நேன்' என்று அசிங்கமாக நின்றிருக்கும். அங்கே கண்ணில் பட்டிருக்கக்கூடிய தவறை, பத்திரமான மொழிக்கு வந்து நீங்களே மூடி மறைத்துவிட்டீர்கள்.

'ஜஸ்ட் 45' வந்தால் விலை 45. 'நத்திங்' வந்தால் பட்டியலில் இல்லை. மேபி சொல்வது இவ்வளவுதான். இந்தச் சேதியைப் பாதி வழியில் கொல்லாதீர்கள். விலையை அளவால் பெருக்க 'மேபி.மேப்' போதும்: உள்ளே எண் இருந்தால் பெருக்கும், இல்லையென்றால் நத்திங் அப்படியே போய்ச் சேரும். அளவையே வாடிக்கையாளர் தட்டுகிறார் என்றால் 'ஸ்ட்ரிங்.டூஇன்ட்' தருவதும் ஒரு மேபிதான். இரண்டையும் சேர்க்க 'மேப்2'. பொருளைத் தேடி, கிடைத்த வரிப் பிரிவை வைத்து மறுபடி சதவீதத்தைத் தேடுவதற்கு 'அண்ட்தென்'. கடைசியில் திரையில் அந்தப் பொருளின் தொகையை எழுதும் இடத்தில்தான் 'கேஸ்' போட்டுப் பிரிக்க வேண்டும். ஜஸ்ட் வந்தால் தொகை. நத்திங் வந்தால் 'விலை இல்லை' என்று சிவப்பில் காட்டி, பில் பொத்தானை முடக்குங்கள். இந்த இரண்டில் ஒன்றை எழுத மறந்தாலும் எல்ம் கம்பைலர் ஏற்காது.



கணினி விஞ்ஞானி டோனி ஹோர் 1965-ல் அல்கால் டபிள்யூ மொழியில் 'நல்' ரெஃபரன்ஸைச் சேர்த்தார். செய்வது சுலபமாக இருந்ததால் சேர்த்துவிட்டதாக 2009-ல் ஒப்புக்கொண்டு, அதைத் தன் 'நூறு கோடி டாலர் தவறு' என்றார். உங்கள் 0-வும் அதே சுலபத்தில் வந்ததுதான்.

வித்டிஃபால்ட்டே கூடாது என்று சொல்லவில்லை. தள்ளுபடி குறிக்காத பொருளுக்குத் தள்ளுபடி 0 என்பது உண்மையான பதில். அங்கே தாராளமாகப் போடுங்கள். இன்றைக்கே நிரல் முழுக்க 'வித்டிஃபால்ட்' என்று தேடி, ஒவ்வொரு இடத்திலும் அந்த 0-வைக் கடைக்காரர் ஒத்துக்கொள்வாரா என்று பாருங்கள். ஒத்துக்கொள்ளாத இடங்களில் எடுத்துவிடுங்கள். அடுத்து எங்கே கை வைக்க வேண்டும் என்பதைக் கம்பைலரே வரி எண்ணோடு சொல்லும்.