மூக்கு நீண்ட ஸாக்கு

'மொபைல் சூட் கன்டம்' அனிமே தொடரின் 15ஆவது எபிசோடை முதல்முறை பார்த்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன். 1979 ஜூலையில் ஜப்பானில் ஒளிபரப்பானது. பெயர் 'குக்குருஸ் டோவானின் தீவு'. மற்ற எபிசோடுகளில் ஆளை மிரட்டும் ஸாக்கு என்ற ராட்சத இயந்திரம் இதில் கைகால் சூம்பி, மூக்கு நீண்டு நிற்கும். துப்பாக்கியும் கிடையாது, பாறையைத் தூக்கி எறியும், வெறுங்கையால் குத்தும்.

மறுபடி பார்த்தது தம்பியோடு. "அண்ணா, இதுக்கு ஜுரமா?" என்றான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மோசமான எபிசோடைத் தனியாகப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஸாக்கு வரும் முந்தைய எபிசோடுகளில் இரண்டையாவது பார்த்துவிட்டு வாருங்கள். ஸாக்கு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் இந்த மூக்கு சிரிப்பு மூட்டும். சிரிப்புக் காட்சிகளை மட்டும் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள்.

ஏனென்றால் கடைசியில் நாங்கள் இருவருமே பேசாமல் உட்கார்ந்திருந்தோம். டோவான் படையை விட்டு ஓடிவந்தவன். போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை அந்தத் தீவில் வளர்க்கிறான். அவனைத் தேடி எதிரிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவன்மேல் ஒட்டியிருக்கும் போரின் வாடைதான் அவர்களை இழுக்கிறது என்று சொல்லி, தொடரின் நாயகன் அமுரோ டோவானின் ஸாக்கைத் தூக்கிக் கடலில் எறிகிறான். சிரித்துச் சிரித்து எங்களுக்குப் பழகிப்போன அந்தக் கோணல் உருவம் தண்ணீரில் விழுந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அழகாக வரைந்திருந்தால் அதன்மேல் அவ்வளவு பாசம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வரைந்தவர்களின் நிலையையும் நினைத்துப் பாருங்கள்: வாரம் ஓர் எபிசோடு என்று ஓடிய தொடர். வினாடிக்கு எட்டுப் படம் வரைந்து ஒப்பேற்றும் முறை அப்போது சகஜம். ஒவ்வொரு படமும் கையால் வரைந்து, வண்ணம் தீட்டியது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எங்கே நேரம் போதாமல் போயிற்று என்பது கண்ணுக்கே தெரிகிறது. அந்தக் கைகளை நான் கேலி செய்யமாட்டேன்.

இயக்குநர் தோமினோவுக்கே இதில் திருப்தியில்லை; அவர் கேட்டுக்கொண்டதால் அமெரிக்க வெளியீட்டில் இந்த எபிசோடைச் சேர்க்கவில்லை. ஆனால் மூலத் தொடரின் பாத்திரங்களை வடிவமைத்த யாசுஹிகோ, 2022இல் இதே கதையை முழுநீளத் திரைப்படமாக எடுத்தார். முதலில் எபிசோடைப் பாருங்கள், பிறகு படத்தை. டோவானின் ஸாக்குக்கு அதிலும் மூக்கு நீளம்தான்.