கறியும் கூலியும்: இங்கிலீஷ்காரர் பேச்சில் சாப்பாடும் ஆட்களும்



பள்ளிக்கூடத்தில் படிக்கிற இங்கிலீஷ் ஒன்று, இங்கிலீஷ்காரர் வாயில் வருகிற பேச்சு வேறொன்று. ஹோட்டல் வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் போகிற நம் பிள்ளைகள், புத்தகத்தில் இல்லாத வார்த்தையைக் கேட்டு முழிக்கிறார்கள். ஆகவே சாப்பாட்டுக்கும் ஆட்களுக்கும் அவர்கள் சொல்லும் சாதாரண வார்த்தைகள் சிலவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம். அதோடு, நம்முடைய வார்த்தைகள் அவர்கள் வாயில் போய் என்ன ஆயின என்றும் பார்ப்போம். அந்தப் பகுதியைப் பெரியவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

ஊருக்கு ஒரு பேச்சு

பேச்சு ஊருக்கு ஊர் மாறும் என்பது நமக்குத் தெரியாததல்ல. மலையில் இருந்து இறங்கி, பொலன்னறுவை தாண்டி ஓட்டமாவடிக்குப் போய்ப் பாருங்கள். அதுவும் தமிழ் பேசுகிற ஊர்தான். ஆனால் அங்கே முஸ்லிம் வீடுகளில் அப்பாவை வாப்பா என்றும், அம்மாவை உம்மா என்றும், அண்ணனைக் காக்கா என்றும், அக்காவை ராத்தா என்றும் கூப்பிடுவார்கள். குழம்பை ஆணம் என்பார்கள். 'பிறகு' என்று நாம் சொல்வதற்கு மட்டக்களப்புப் பக்கம் 'மறுகா' என்று ஒரு வார்த்தை உண்டு. 'காக்கா வாறார்' என்று கேட்டால் நம் பிள்ளை வானத்தைப் பார்க்கும். அங்கே அது மூத்தவருக்குக் கொடுக்கும் மரியாதை.

இங்கிலாந்திலும் இதே கதைதான். டர்பி, நொட்டிங்ஹாம் பக்கம் கடைக்குப் போனால், 'என்ன வேணும், டக்?' என்று கேட்பார்கள். டக் என்றால் வாத்து. ஆனால் அவர்கள் அதை அன்பாகச் சொல்கிறார்கள். வேறு ஊர்களில் 'லவ்' என்பார்கள். முன்பின் தெரியாத ஆளிடமும் சொல்வார்கள். அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பாட்டு வார்த்தைகள்

'டின்னர்' என்றால் ராத்திரிச் சாப்பாடு என்று படித்திருக்கிறோம். வட இங்கிலாந்தில் உழைக்கும் குடும்பங்களில் பலருக்கு டின்னர் என்பது மத்தியானச் சாப்பாடு. பொழுது சாய்ந்ததும் சாப்பிடுவதை அவர்கள் 'டீ' என்கிறார்கள். டீக்கு வா என்று கூப்பிட்டால் வெறும் தேத்தண்ணியோடு முடியாது, சாப்பாடே இருக்கும்.

குடிக்கிற தேத்தண்ணியை 'கப்பா' என்பார்கள். 'சார்' என்றும் சொல்வதுண்டு. அது 'சா' என்ற சீன வார்த்தையில் இருந்து வந்தது. சாயம் கூடப் போட்டு, பாலும் சீனியும் சேர்த்ததற்கு 'பில்டர்ஸ் டீ' என்று பெயர். பில்டர்ஸ் என்றால் கட்டட வேலை செய்கிறவர்கள். உழைக்கிற ஆளுக்கு எந்த நாட்டிலும் சாயம் கூடத்தான் வேணும்!

நாம் சிப்ஸ் என்று பக்கெட்டில் வாங்குவது அவர்களுக்கு 'கிரிஸ்ப்ஸ்'. தடிப்பாக வெட்டிப் பொரித்துச் சூடாகத் தருகிற உருளைக்கிழங்குதான் அவர்களுடைய சிப்ஸ். உருளைக்கிழங்குக்கு 'ஸ்பட்', சொசேஜுக்கு 'பேங்கர்', சாண்ட்விச்சுக்கு 'சார்னி', பொதுவாகச் சாப்பாட்டுக்கு 'கிரப்'. இவை எல்லாம் வாய்ப்பேச்சு.

ஆட்களைச் சொல்லும் வார்த்தைகள்

'மேட்' என்றால் கூட்டாளி, நம் 'மச்சான்' மாதிரி. 'சாப்', 'ப்ளோக்' இரண்டும் ஆம்பளை ஆளைக் குறிக்கும். 'லேட்' பையன், 'லேஸ்' பொம்பளைப் பிள்ளை. 'நேன்' என்றால் பாட்டி. பொலிஸ்காரரை 'பொபி' என்பார்கள். 1829இல் லண்டன் பொலிஸை அமைத்தவர் ரொபர்ட் பீல். ரொபர்ட்டைச் சுருக்கினால் பொபி.

இந்த வார்த்தைகளைக் காதால் கேட்டு விளங்கிக்கொண்டால் போதும். வேலைக்கு எழுதும் கடிதத்திலும் நேர்முகப் பரீட்சையிலும் இவை கூடாது. அங்கே பள்ளிக்கூட இங்கிலீஷ்தான்.

நம்மிடம் இருந்து போனவை

இங்கிலீஷ்காரரின் 'கறி' நம்முடைய கறிதான். லண்டனில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. ஒரு வார்த்தையைச் சொல்லாமல் அதோடு ஓசை ஒத்து வரும் பெயரைச் சொல்வார்கள். 1950களில் புகழ் பெற்ற பாடகி ரூபி மரி. மரி, கறியோடு ஒத்து வருவதால், கறி சாப்பிடப் போகிறவர் 'ரூபிக்குப் போகிறோம்' என்பார்!

நம் மிளகுத் தண்ணி அவர்களிடம் 'மல்லிகடானி' என்ற சூப் ஆனது. நம் சுருட்டு 'செரூட்' ஆனது. இப்படிப்பட்ட வார்த்தைகளை யூல், பர்னல் என்ற இரண்டு வெள்ளைக்காரர் சேர்த்தார்கள். அது 1886இல் 'ஹொப்சன்-ஜொப்சன்' என்ற பெரிய அகராதியாக வெளிவந்தது. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரருக்குப் பட்டப்பெயர் 'மல்'. மல்லிகடானியின் சுருக்கம் அது. வங்காளத்தில் இருந்தவர்களுக்கு 'கோய் ஹை'. 'யாராவது இருக்கிறீர்களா' என்று வேலைக்காரரைக் கூப்பிடும் இந்திப் பேச்சு அது. கூப்பிட்ட வார்த்தையே கூப்பிட்டவருக்குப் பெயராகி விட்டது.

நம் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கூட இங்கிலீஷுக்குள் போனார்கள். பெரிய துரை, சின்ன துரை என்பதைத் தோட்டத்துத் துரைமார் 'பீ.டி', 'எஸ்.டி' என்று சுருக்கிக்கொண்டார்கள். அங்கே இருந்து வந்ததும் உண்டு. நாம் இருக்கிற லயம் 'லைன்' என்ற வார்த்தை. காம்பரா போர்த்துக்கேயரிடம் இருந்து வந்தது. பாணும் அப்படித்தான்.

கூலி என்ற வார்த்தை

போன வார்த்தைகளில் ஒன்று மட்டும் நம்மைக் காயப்படுத்தித் திரும்பி வந்தது. அதுதான் 'கூலி'. தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்கு வாங்குகிற காசு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குஜராத் பக்கத்துக் கோலி என்ற சமூகத்தின் பெயரும் இதில் கலந்திருக்கிறது என்று சொல்வோர் உண்டு. எப்படியானாலும், வெள்ளைக்கார ஆட்சியில் சம்பளத்தின் பெயர் ஆளின் பெயராகி விட்டது. இலங்கை, மலாயா, மொரீசியஸ், நேட்டால் என்று கப்பல் ஏறிப் போன ஏழை எல்லாம் 'கூலி' ஆனார்கள். 1893இல் தென்னாபிரிக்காவுக்குப் போன காந்தியையும் 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் சொன்னார்கள். படித்து வக்கீலாக வந்தவரையும் அந்த வார்த்தை விடவில்லை.

தோட்டத்துக்குப் புதிதாக வந்த சின்னத்துரைமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு கையடக்கப் புத்தகம் இருந்தது. அதன் பெயர் 'இங்கே வா'. 'வாங்க' என்று பெயர் வைக்கவில்லை. இங்கிலீஷில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. தமிழில் இரண்டு இருந்தும், நம் தாத்தா பாட்டிக்குக் கிடைத்தது 'வா, போ' தான்.

இன்றைக்கும் நம்மைத் 'தோட்டக்காட்டான்' என்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு அழுதுகொண்டு வந்தால், 'விடு, போகட்டும்' என்று அனுப்பாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, நாம் யார் என்று சொல்லிக்கொடுங்கள். நம் ஆட்கள் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். மலையகத் தமிழர் என்ற பெயரை முன்னால் வைத்து நடந்தார்கள். அது நாமே நமக்கு வைத்துக்கொண்ட பெயர்.

பிறர் நம்மை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று கேட்கிற நாம், பிள்ளைக் காம்பரா ஆயாவையும், வாசல் கூட்டுகிறவரையும், வயதான கங்காணியையும் எப்படிக் கூப்பிடுகிறோம்? அதையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க

1. இந்தப் பாடத்தில் வந்த சாப்பாட்டு வார்த்தை ஐந்தை அர்த்தத்தோடு கொப்பியில் எழுதுங்கள்.

2. உங்கள் லயத்தில் பேசும் வார்த்தைகளில் வெளியில் இருந்து வந்தவை எவை என்று பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள்.

3. அப்பா, அம்மா செய்யும் வேலையைக் 'கூலி' என்ற வார்த்தை இல்லாமல், மரியாதையாக இரண்டு வசனத்தில் எழுதுங்கள். எழுதியதை வீட்டில் எல்லாரும் கேட்கச் சத்தமாக வாசியுங்கள்.