டிரக்குக்கு எத்தனை மாநிலத்தில் பதிவு?

கேள்வி: அமெரிக்காவில் டெக்ஸாஸில் இருக்கும் என் தம்பி, இரண்டு பெரிய டிரக் வாங்கி மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றப் போகிறான். போகிற மாநிலத்தில் எல்லாம் பதிய வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலான வேலை சொந்த மாநிலத்திலேயே முடிந்துவிடும். முதலில் மத்திய அரசுப் போக்குவரத்துத் துறையின் டிஓடி எண்ணும், வாடகைக்குச் சரக்கு ஏற்றுவதற்கான அனுமதியும், இன்ஷூரன்ஸும் வேண்டும். அடுத்து யுசிஆர் எனும் ஒருங்கிணைந்த பதிவு. 41 மாநிலங்கள் சேர்ந்திருக்கும் இந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் பணம் கட்டினால் போதும். வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஆறு படிகளில் கட்டணம். இரண்டு வண்டி வரை 2025இல் 46 டாலர்தான்.

வண்டியின் எடை 26,000 பவுண்டுக்கு மேல் என்றால் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று ஐஆர்பி: ஒரே நம்பர் பிளேட், எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடியதோ அந்த விகிதத்தில் பதிவுக் கட்டணம் பிரியும். மற்றொன்று இஃப்டா: டீசல் வரிக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டும். இதற்கான ஸ்டிக்கர் கேபினின் இரு பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும்.

ஆனால் சில மாநிலங்கள் தனி வரி கேட்கும். டெக்ஸாஸை ஒட்டிய நியூ மெக்ஸிகோவில் எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ற வரி உண்டு. அதற்குத் தனிக் கணக்குத் தொடங்க வேண்டும். ஆகவே, மாநிலவாரியாக மைல் கணக்கையும் டீசல் பில்களையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். தணிக்கைக்கு வந்தால் அவைதான் ஆதாரம்.