பசையின்றிச் சேரும் மணிகள்

தாம்பரத்துக் கடைத்தெருவில் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டியைப் பிரிப்போர் முதலிற் காண்பது, அதனைத் தாங்கி நிற்கும் வெண்ணிறக் காப்பினையே. தெர்மோகோல் என வழங்கும் அப்பொருளை உடைத்தால் சிறு மணிகள் உதிரும். பசை ஏதுமின்றி இம்மணிகள் ஒன்றையொன்று பற்றி உருப்பெற்றது எங்ஙனம்?

ஜெர்மனி நாட்டு பி.ஏ.எஸ்.எப். நிறுவனத்தைச் சார்ந்த பிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி என்னும் வேதியியலார் கண்ட வழி இது. பாலிஸ்டைரீன் என்பது மணலையொத்த குருணையாகக் கிடைக்கும். அதனுள் பென்டேன் என்னும் எளிதில் ஆவியாகும் நீர்மம் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு பொதிந்திருக்கும். நீராவி பட்டவுடன் குருணை நெகிழும். உள்ளிருக்கும் பென்டேன் ஆவியாகி அதனை உப்பச் செய்யும். நெல் பொரிவது போன்றதே இது. ஆயினும் இக்குருணை நாற்பது மடங்கு வரை பருக்கும். உப்பிய மணிகளைச் சில மணி நேரம் ஆறவிட்டால் காற்று உட்புகும். பின்னர் அவற்றை அச்சில் நிரப்பி, மீண்டும் நீராவி செலுத்துவர். இப்பொழுது விரிவதற்கு இடமில்லை. ஆதலால் ஒவ்வொரு மணியும் அயல்மணியை நெருக்கும். உருண்டை வடிவம் பல பட்டைகளாகும். மேற்றோல்கள் இளகி ஒன்றும். பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு வேண்டும். இதற்கு நெருக்கமே பாகு. இவ்வாறு அமைந்த காப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றே.

உதிர்ந்த மணிகள் நீரிலும் கூடும். தட்டிலுள்ள நீரில் சிலவற்றை இட்டுப் பார்த்தால், அவை தாமே நகர்ந்து கொத்தாகச் சேர்வது புலப்படும். ஒவ்வொரு மணியைச் சுற்றியும் நீர்ப்பரப்பு சிறிது மேல்வளைந்து நிற்கும். இலேசான அயல்மணி அவ்வளைவில் ஏறி அணுகும். இங்குப் பற்று மிக மெல்லியது. விரல் பட்டாற் பிரியும்.

தெருவில் எறிந்த காப்பும் இவ்வாறே நீரை அடைகிறது. சேலையூர், செம்பாக்கம், கீழ்க்கட்டளை ஏரிகளின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற் சென்று சேர்வது. 2022-ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலம் நீர்ப்பறவைகளின் உறைவிடம். மணிகளோ மட்குவதில்லை; இரையென்று கொத்துதற்கு ஏற்ற அளவின. தமிழக அரசு தெர்மோகோல் குவளைகளை 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் தடை செய்தது. காப்புப் பொதிகளோ இன்றும் வந்தவண்ணம் உள்ளன.

அவற்றைத் திரட்டுவோர் குறைவு. ஒரு கன மீட்டர் தெர்மோகோல் வண்டியை நிறைக்கும். எடையோ ஏறத்தாழ 20 கிலோ. ஏற்றுக்கூலிக்கும் கட்டாது. தொழிற்சாலையில் உருக்கிக் காற்றை நீக்கினால், அவ்வளவும் 20 லிட்டர் குடிநீர்க் கலத்தில் அடங்கிவிடும்.